நல்லூரடியில் ஓர் அறைத் தொடர்மாடி வீடு: வாங்கமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் காணி வாங்கத் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. உறுதியை வாசிப்பார்கள், எல்லைக் கல்லைத் தேடுவார்கள், கிணற்றுத் தண்ணீரை அள்ளி வாயில் வைத்துப் பார்ப்பார்கள். அதே ஆட்கள் நல்லூரிலோ சுண்டிக்குளியிலோ மூன்றாம் மாடியில் ஓர் அறை வீடு பார்க்கப் போனால் இவை மூன்றையும் விட்டுவிடுகிறார்கள். பல்கனியில் நின்றால் கோபுரம் தெரிகிறது, தரை பளபளக்கிறது, முற்பணம் கைமாறுகிறது. தொடர்மாடியிலும் உறுதி, எல்லை, தண்ணீர் என்ற மூன்றும் உண்டு. ஆனால் அவற்றைத் தேட வேண்டிய இடம் வேறு.

காணி உறுதியைப் பார்த்ததோடு நிறுத்துவது

கட்டியவர் நான்கு பரப்புக் காணியின் உறுதியைக் காட்டுவார். அது அவருடைய உறுதி. உங்கள் வீட்டுக்குத் தனி உறுதி எழுத வேண்டுமானால், 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டத்தின்படி கூட்டாதன வரைபடம் (கட்டடத்தைத் தனித்தனி வீடுகளாகப் பிரித்துக் காட்டும் condominium plan) ஒன்று காணிப் பதிவகத்தில் பதியப்பட்டு, உங்கள் அலகு அதில் தனி இலக்கத்துடன் இருக்க வேண்டும். கட்டடம் முடியாத நிலையில் தற்காலிகக் கூட்டாதன வரைபடமாவது பதிவாகியிருக்க வேண்டும். வரைபட இலக்கத்தையும் பதிவு ஏட்டு விவரத்தையும் கேட்டு வாங்கி, உங்கள் நொத்தாரிசைக் கொண்டே பதிவகத்தில் பார்ப்பியுங்கள். கட்டியவருடைய நொத்தாரிசின் வாய்ச்சொல் இதற்குப் போதாது.

வரைபடம் இல்லாமலும் விற்கிறார்கள். காணியில் ‘பிரிபடாத பங்கு’ ஒன்றை எழுதித் தந்து, மேல்மாடி வீடு உங்களுடையது என்பார்கள். அதை வாங்கினால் முன்பின் தெரியாத பத்துப் பதினைந்து பேருடன் நீங்களும் கூட்டுப் பங்காளி. வடமாகாணக் காணி என்பதால் 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கத் தேசவழமை (யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டம்) முற்கொள்வனவுச் சட்டமும் வந்து சேரும்: பங்காளி ஒருவர் விற்க நினைத்தால் மற்றப் பங்காளிகளுக்கு முதலில் சொல்ல வேண்டும். பின்னொரு நாள் நீங்கள் அவசரமாக விற்கும்போது இந்த முடிச்சு இறுகும். வங்கியும் அப்படிப்பட்ட பங்கை ஈடாக எடுக்கத் தயங்கும்.

அடிக்காணியின் உரிமையைக் குறைந்தது 30 வருடம் பின்னோக்கித் தேட வேண்டும். பழைய யாழ்ப்பாணக் குடும்பங்களின் காணிகளில் மூன்று இடங்களில் ஓட்டை விழும். பரம்பரையாக வந்த முதுசொக் காணியில் வெளிநாட்டில் உள்ள ஒரு சகோதரரின் கையெழுத்து விடுபட்டிருக்கும். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சீதனக் காணியைக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்றிருப்பார். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் மரபுரிமைச் சட்டம் அந்தச் சம்மதத்தைக் கேட்கிறது. மூன்றாவது அற்றோணித் தத்துவம், அதாவது தனக்காகக் கையெழுத்திட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். தத்துவம் கொடுத்தவர் இறந்த கணமே அது செல்லாது. ஆகவே உறுதி எழுதிய திகதியில் அவர் உயிருடன் இருந்தாரா என்று உறுதிப்படுத்துங்கள். லண்டனிலோ ரொறன்ரோவிலோ நடந்த மரணம் ஊர் நொத்தாரிசுக்குத் தெரியாமல் போவது அரிதல்ல.

கட்டட அனுமதி வேறு, கட்டி முடித்தபின் கிடைக்கும் இணக்கச் சான்றிதழ் வேறு. இரண்டாவதையும் கேளுங்கள். அனுமதித்த மாடி எண்ணிக்கையும் எழுந்து நிற்கும் மாடி எண்ணிக்கையும் ஒன்றா என்று எண்ணிப் பாருங்கள். நல்லூர் பழைய இராசதானி. சங்கிலியன் தோப்பு, மந்திரி மனை, யமுனா ஏரி ஆகியவற்றுக்கு அண்மையில் கட்டடம் என்றால் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதிக் கடிதமும் கோப்பில் இருக்க வேண்டும். இன்னொன்று: கோயிலைச் சூழ்ந்த பகுதி யாழ். மாநகர சபைக்குரியது, நல்லூர் பிரதேச சபை வேறு. முகவரியில் ‘நல்லூர்’ என்று இருப்பதை வைத்துச் சோலைவரி எங்கே என்று முடிவு செய்யாதீர்கள்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டுடன் வாங்குவோர்

இலங்கைக் குடியுரிமை இல்லாதவருக்குக் காணி கைமாற்றுவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. மீறி எழுதிய உறுதி செல்லாது. கூட்டாதன அலகுக்கு நிபந்தனைகளுடன் விதிவிலக்கு உண்டு. 2018இல் அவை திருத்தப்பட்டதால் இன்றைய நிலையை நொத்தாரிசிடம் எழுத்தில் பெறுங்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்குத் தடை இல்லை. கனடாக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவர் ‘பிரிபடாத பங்கு’ வாங்கினால் விதிவிலக்கும் கைகொடுக்காது என்பதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து.

பணத்தை உறவினரின் சேமிப்புக் கணக்குக்கோ உண்டியலிலோ அனுப்புவது அடுத்த தவறு. வங்கியில் உள்முக முதலீட்டுக் கணக்கு (Inward Investment Account) திறந்து அதனூடாகச் செலுத்தினால்தான், நாளை விற்ற பணத்தைச் சிக்கலின்றி வெளியே கொண்டுபோக வழி இருக்கும்.

தேசவழமைக்கு உட்பட்ட தம்பதியர் திருமணத்தின் பின் உழைத்த பணத்தில் வாங்கும் வீடு தேடிய தேட்டம். ஒருவர் பெயரில் மட்டும் எழுதினாலும் மற்றவரின் உரிமை அதில் இருக்கும். இதை உறுதி எழுதமுன் பேசித் தீர்ப்பது நல்லது.

எல்லை சுவரின் நடுவில்

கூட்டாதனத்தில் உங்கள் எல்லை பொதுவாகச் சுவர், தரை, கூரைத்தளம் ஆகியவற்றின் நடுக்கோடு. விளம்பரத்தில் வரும் 650 சதுர அடிக்குள் நடைபாதையின் பங்கும் சுவரின் தடிப்பும் சேர்ந்திருக்கலாம். நாடாவைக் கொண்டுபோய் உள்சுவருக்கு உள்சுவர் அளந்து பாருங்கள். முழு விலையை அந்த அளவால் வகுத்தால்தான் இரண்டு வீடுகளை ஒப்பிடலாம். வாகனத் தரிப்பிடம் வரைபடத்தில் உங்கள் அலகுடன் சேர்ந்த துணைக் கூறாகப் பதியப்பட்டுள்ளதா, அல்லது ‘இதில் விடுங்கோ’ என்று கைகாட்டிய இடமா? இரண்டாவது என்றால் அது பொதுச்சொத்து. நாளை வீட்டுக்காரர் எல்லோரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் அதை மாற்றலாம்.

தண்ணீரைச் சுவைத்துப் பார்த்து முடிவெடுப்பது

குடாநாடு சுண்ணக்கல். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. நகருக்குப் பொதுவான கழிவுநீர்க் குழாய் வலையமைப்பும் இல்லை. இருபது வீடுகளின் கழிவும் அதே வளவின் குழிக்குப் போகிறது. வெடிப்பும் பொந்தும் உள்ள கல்லினூடாக அது நிலத்தடி நீரை விரைவாக அடைகிறது. தெளிந்த, இனிப்பான தண்ணீரிலும் நைத்திரேற்று இருக்கலாம். கொதிக்க வைத்தால் அது போகாது. நீர் ஆவியாகி வற்ற வற்றச் செறிவு கூடும். பின்சவ்வூடு பரவல் (RO) முறையில் இயங்கும் வடிகருவி அதை நீக்கும்.

ஆகவே குழாயிலிருந்து ஒரு லீற்றர் எடுத்து ஆய்வுகூடத்தில் கொடுங்கள். குடிநீருக்கான இலங்கைத் தரம் 614இன்படி மொத்த வன்மை லீற்றருக்கு 250 மில்லிகிராம், நைத்திரேற்று 50 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வன்மை அதற்கு மேல் என்றால் கீசரின் சுருளிலும் ஷவர் துளைகளிலும் வெள்ளைப் படிவு கட்டும். விலையுயர்ந்த கறுப்பு நிறக் குழாய்ப் பொருத்துகள் முதலில் அழகிழக்கும். நீர் மென்மையாக்கி பொதுக் குழாயில் பூட்டப்பட்டுள்ளதா, அதற்கு உப்பு வாங்குவது யார் என்றும் கேளுங்கள்.

தாளையடியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் குடிநீர் தரக்கூடிய நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. அதனால் மட்டும் உங்கள் குழாயில் அந்தத் தண்ணீர் வந்துவிடாது. இணைப்பும் மானியும் கட்டடத்தில் உள்ளனவா என்று கண்ணால் பாருங்கள். தாங்கியின் கொள்ளளவையும் கணக்கிடுங்கள்: 40 பேருக்கு ஆளுக்கு 150 லீற்றர் என்றால் ஒரு நாளுக்கே 6,000 லீற்றர் வேண்டும். மின் நின்றால் நீர்ப்பம்பி மின்பிறப்பாக்கியில் ஓடுமா? லிப்ட் மட்டும்தான் அதில் என்றால் மேல்மாடியில் தண்ணீர் இராது.

உள்ளே

ஓர் அறை வீட்டில் சமையலறை கூடத்தோடு சேர்ந்தே இருக்கும். மீன் பொரித்தாலும் மிளகாய்த்தூளுக்கு வறுத்தாலும் மணம் கட்டில்வரை போகும். புகையுறிஞ்சி குழாய் வழியே வெளியே விடுகிறதா, அல்லது வடித்து அறைக்குள்ளேயே திருப்பி விடுகிறதா என்று பார்க்கவேண்டும். இரண்டாவது வகை நம் சமையலுக்குப் போதாது.

மேற்குச் சுவரில் படுக்கையறை என்றால் இரவு ஒன்பது மணிக்கும் சுவர் சூடு விடும். தென்மேற்கு யன்னலில் சோளகக் காற்று வரும், புழுதியும் சேர்ந்து வரும். யன்னல் நிலைக்கு வலை பூட்ட இடமிருக்கிறதா என்றும், உடுப்புக் காயப்போட எங்கே அனுமதி என்றும் கேளுங்கள். பல்கனியில் கொடி கட்டக்கூடாது என்ற விதி பல கட்டடங்களில் உண்டு.

திருவிழாக் காலத்தில் மட்டும் பார்ப்பது

நல்லூர்த் திருவிழா 25 நாள். அப்போது ஊருக்கு வருபவர்கள் வீடும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். கோயிலைச் சுற்றிய வீதிகள் அந்நாட்களில் வாகனங்களுக்கு மூடப்படும்; குடியிருப்போர் உள்ளே போகும் அனுமதி நடைமுறையை மாநகர சபையில் கேட்டு வையுங்கள். அதைவிட முக்கியம், கார்த்திகை மழையில் ஒருமுறை போய்ப் பார்ப்பது. யாழ்ப்பாணம் தட்டையான நிலம், தண்ணீர் வடிய நேரமெடுக்கும். 2020 டிசம்பரில் புரேவி வந்தபோது எந்த ஒழுங்கையில் எவ்வளவு வெள்ளம் நின்றது என்று அயலில் கேட்டால் சொல்வார்கள். நீர்ப்பம்பியும் மின்பலகையும் நிலமட்டத்தில் இருந்தால் அந்தப் பதில் உங்கள் முடிவை மாற்ற வேண்டும்.

விலைக்கு மேல் வரும் பணம்

முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். இரண்டு கோடி ரூபா வீட்டுக்கு அது 7,99,000 ரூபா. நொத்தாரிசுக் கட்டணம் தனி. சொன்ன விலைக்குள் பெறுமதிசேர் வரி அடங்குமா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுவியுங்கள். மாதப் பராமரிப்புப் பணம் ஒவ்வோர் அலகுக்கும் குறித்த பங்குப் பெறுமதிப்படியா, எல்லா வீட்டுக்கும் ஒரே தொகையா என்றும், கடைசி ஒரு வருடத்தில் எத்தனை வீடுகள் அதைக் கட்டவில்லை என்றும் கேளுங்கள். கட்டுமானத்தின்போது பணம் கட்டுவதானால் தவணைகளை வேலை முடிந்த அளவோடு பிணைத்து, கடைசி 10 வீதத்தையாவது இணக்கச் சான்றிதழும் உங்கள் பெயரில் உறுதியும் கைக்கு வரும்வரை நிறுத்தி வையுங்கள்.