பினாங்கில் சாப்பாட்டு நடை: முதல் நாள் சாயங்காலமே போய்விடுங்கள்

வெளியூர் போகிறவர்கள் பெரும்பாலும் உணவுச் சுற்றுலாவைக் கடைசி நாளுக்குத்தான் வைத்துக்கொள்கிறார்கள். கோயில், கோட்டை, கடற்கரை எல்லாம் பார்த்து முடித்தபிறகு, மிச்சம் கிடக்கிற சாயங்காலத்துக்கு இது. நாங்களும் பாங்காக்கில் அப்படித்தான் செய்தோம். இருபத்திரண்டு பேர். முன்னால் கொடி பிடித்துக்கொண்டு ஒரு பையன். அவன் சொல்வது ஐந்தாவது ஆளைத் தாண்டிக் கேட்காது. அந்தக் கூட்டத்திலும் ஒரு பாட்டி தெருவோரம் சுட்டுக் கொடுத்த தேங்காய்ப்பால் பணியாரம் (கனோம் க்ரோக் என்கிறார்கள்) நாக்கிலேயே நின்றுவிட்டது. மறுபடி போய்ச் சாப்பிடலாம் என்றால் விடிந்ததும் விமானம்.

அதனால் மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போனபோது கணக்கைத் திருப்பிப் போட்டேன். கோலாலம்பூரிலிருந்து ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து படகில் ஜார்ஜ் டவுன். பெட்டியை அறையில் போட்டுக் குளித்துவிட்டு, அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கே நடைக்குக் கிளம்பிவிட்டோம். சாப்பாட்டு நடை என்பது வயிறு நிரப்புகிற விஷயம் இல்லை. அந்த ஊரில் எப்படிச் சாப்பாடு கேட்டு வாங்குவது என்று ஒருவர் கூட நடந்து சொல்லித் தருகிற வகுப்பு. வகுப்பைக் கடைசி நாளில் வைத்தால் பரீட்சை எழுத நாள் ஏது? முப்பத்தோரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள், இப்படித்தான் பேசுவேன்.

எங்கள் கூட்டணியையும் சொல்லிவிடுகிறேன். நான் எல்லாம் சாப்பிடுவேன். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, ஆனால் மீன் என்றால் எழுந்து நிற்பார். என் தங்கை சைவம், முட்டை மட்டும் பரவாயில்லை. மூன்று பேருக்கும் பொருந்துகிற நடையைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது.

நான்கு வழிகாட்டிகளுக்கு எழுதிப் போட்டேன். எத்தனை கடை, எவ்வளவு தூரம், ஒரு குழுவில் எத்தனை பேர், சாப்பாட்டுக் காசு கட்டணத்தில் சேர்ந்ததா, மழை வந்தால் என்ன செய்வீர்கள். இந்த ஐந்தையும் யாரிடமும் கேட்கலாம். மூன்று பேர் பதிலோடு அழகழகான படங்களும் அனுப்பினார்கள். நான்காவது ஆள், ஒரு சீனப் பெண், பதிலுக்குக் கேள்வி கேட்டாள். பன்றிக் கொழுப்பில் வதக்கியது ஆகுமா? மாட்டிறைச்சி? சைவம் என்றால் இறால் விழுதும் கூடாதுதானே? வேர்க்கடலை, நண்டு, சிப்பி யாருக்காவது ஒத்துக்கொள்ளாதா? முழங்கால் வலி உண்டா? அவளிடமே முன்பணம் கட்டினேன். திருப்பிக் கேள்வி கேட்காத வழிகாட்டியிடம் போகாதீர்கள். அவர் எல்லாருக்கும் ஒரே தட்டைத்தான் நீட்டுவார். எட்டுப் பேருக்கு மேல் இருக்கிற குழுவும் வேண்டாம். மலேசியாவில் வழிகாட்டிகளுக்குச் சுற்றுலா அமைச்சின் உரிமம் வேண்டும், அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டியிருப்பார்கள். அதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

பல கடைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, அதுவும் கடைக்குக் கடை வேறு கிழமை. சீனப் புத்தாண்டில் சீனர் கடைகள் நாள்கணக்கில் மூடிக் கிடக்கும். நோன்பு மாதத்தில் முஸ்லிம் கடைகள் பகலில் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், ஆனால் சாயங்காலச் சந்தை களைகட்டும். தேதி முடிவு செய்யுமுன் இதையெல்லாம் வழிகாட்டியிடமே கேட்டுவிடுவது நல்லது.

மதியம் பட்டினி கிடக்காதீர்கள். பசியோடு போனால் முதல் கடையிலேயே தட்டைக் காலி செய்துவிட்டு மூன்றாவது கடையில் முழிக்க வேண்டியதுதான். பதினொரு மணிக்கு இரண்டு இட்லி அளவுக்கு ஏதாவது சாப்பிட்டால் போதும். ஏழு கடை, கடைக்கு அரைத்தட்டு என்றாலே மூன்றரைத் தட்டு. எந்த மனிதர் மூன்றரைத் தட்டு சாப்பிடுவார்? ஒரு தட்டு வாங்கி மூன்று பேர் பகிர்ந்துகொள்ளுங்கள். ஆளுக்கு நான்கு வாய். பிடிக்கவில்லை என்றால் வைத்துவிடலாம், வழிகாட்டிகள் கோபித்துக்கொள்வதில்லை. "மிச்சம் வைக்காதே" என்று சொல்லி வளர்த்த நமக்குத்தான் மனசு கேட்காது.

காலுக்குப் பின்னால் வார் வைத்த செருப்பு. பழைய ஜார்ஜ் டவுனில் கடைகளின் முன்னால் கூரை போட்ட நடைபாதை உண்டு; ஐந்தடி அகலம் என்பதால் அங்குள்ள தமிழர்கள் அதை அஞ்சடி என்கிறார்கள். வெயிலுக்கும் மழைக்கும் நல்ல மறைவு. ஆனால் கடைக்குக் கடை மட்டம் மாறும், ஒரு படி ஏறும், ஒரு படி இறங்கும், நடுவில் மோட்டார் சைக்கிள் நிற்கும். தங்கை மேலே பலகைகளைப் பார்த்துக்கொண்டே நடந்து இரண்டு முறை தடுமாறினாள். அப்புறம் டிஷ்யூ ஒரு கட்டு, கழிப்பறைக்குச் சில்லறை, ஒன்று ஐந்து பத்து வெள்ளி நோட்டுகள். ரிங்கிட்டை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். நீங்களும் அப்படியே சொன்னால் கடைக்காரர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும்.

எங்களுடைய முதல் நிறுத்தம் ஒரு கோப்பிக் கடை. கோப்பித்தியாம் என்பார்கள். அன்றைய நடையில் எனக்கு மிகவும் பயன்பட்டது இங்கே கற்றதுதான். நாம் நினைப்பதுபோல் அது ஒரே கடை இல்லை. கடையை நடத்துகிறவர் பெரும்பாலும் குடிக்கிறதை மட்டும் விற்பார். உள்ளே இருக்கிற ஒட்டுக்கடைகள் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளுடையது. முதலில் இடம் பிடித்து, மேசை எண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஒட்டுக்கடையிலும் போய்ச் சொல்லிவிட்டு வந்து உட்கார வேண்டும். தட்டு வரும்போது அந்தந்த ஆளிடம் காசு. பானத்துக்குத் தனி ஆள் வருவார், உட்கார்ந்தவர்கள் ஏதாவது குடிக்கக் கேட்பதுதான் மரியாதை. அந்த மேசை அவருடையது. இது தெரியாமல் தனியாகப் போயிருந்தால் ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அரை மணி நேரம் காத்திருந்திருப்போம்.

கோப்பி என்றால் இனிப்புக் கெட்டிப்பால் ஊற்றியது. கோப்பி ஓ என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. கோப்பி ஓ கோசோங் என்றால் இரண்டும் இல்லை. கோசோங் என்பதற்கு மலாய் மொழியில் காலி, சுழியம் என்று பொருள். சுழியத்தை இவ்வளவு ருசியாக நான் வகுப்பில் நடத்தியதில்லை. சர்க்கரைக்காரர்கள் வழிகாட்டியிடம் கற்க வேண்டிய முதல் சொல் அதுதான். இரண்டாவது, "குராங் மானிஸ்", இனிப்புக் குறைவாக.

அடுத்து அசாம் லக்சா. வீட்டுக்காரர் ஒரு கரண்டி குடித்துவிட்டு, "இது நம்ம மீன் குழம்புதானே" என்றார். பாதி உண்மை. கானாங்கெளுத்தியை வேகவைத்து உதிர்த்து, புளி கரைத்துக் கொதிக்கவைத்த சாறு. ஆனால் அதில் தடித்த அரிசி நூடுல்ஸ், புதினா, அன்னாசி, இஞ்சிக் குடும்பத்துப் பூமொட்டு ஒன்றைப் பொடியாக நறுக்கிப் போட்ட ஒரு வாசனை. மேலே கறுப்பாக ஓர் இறால் விழுது. "நம்ம ஊரில்" என்று அவர் மூன்றாவது முறை ஆரம்பித்தபோது மேசைக்கடியில் காலை மிதித்தேன். ஒப்பிடுவதை அறைக்குப் போய் வைத்துக்கொள்ளலாம். சாப்பிடும்போது ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பூமொட்டு வாசனை பிடிபடாது.

சார் குவே தியாவ் தட்டையான அரிசி நூடுல்ஸ். இறால், சிப்பி, முட்டை, முளைகட்டிய பயறு எல்லாம் போட்டு, பெரிய நெருப்பில் ஒவ்வொரு தட்டாக வதக்குகிறார்கள். மொத்தமாக வதக்கினால் அந்தப் புகை மணம் வராதாம். பல கடைகளில் பன்றிக் கொழுப்பு சேரும். வேண்டாம் என்பவர்கள் முன்னாலேயே சொன்னால் முஸ்லிம் கடைக்குக் கூட்டிப் போவார்கள். படம் எடுப்பதாக இருந்தால் வாணலிக்காரரிடம் ஒரு தலையசைப்புக் கேட்டுக்கொள்ளுங்கள், அவர் கைக்கு நடுவே போனை நீட்டாதீர்கள்.

இனி சைவக்காரர்களுக்கு. தங்கை பழ ரோஜாக் தட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்து குச்சியை எடுத்துவிட்டாள். வெள்ளரி, அன்னாசி, கொய்யா, மாங்காய், மேலே பாகு மாதிரி கறுப்பாக, வேர்க்கடலைத் தூளோடு. வழிகாட்டிப் பெண் ஓடிவந்து கையைப் பிடித்தாள். அந்தக் கறுப்புப் பாகு, லக்சாவில் போட்ட அதே இறால் விழுது. இன்னொரு பொறி தால்ச்சா. நம் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய்க்குத் தொட்டுக்கொள்ள வருகிற பருப்புக் குழம்பு என்று தைரியமாக ஊற்றிக்கொள்வோம். சில கடைகளில் அதில் எலும்பு போட்டுத்தான் கொதிக்கவிடுகிறார்கள். சம்பல் என்கிற மிளகாய் விழுதில் பெலாச்சான், அதுவும் இறால்தான். ஆகவே "சைவம்" என்று மட்டும் சொன்னால் போதாது. இறைச்சி, மீன், இறால், பெலாச்சான், எலும்புச் சாறு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். அவளுக்காக அந்தப் பெண் முன்பே இரண்டு இடம் யோசித்து வைத்திருந்தாள். ஒன்று அப்பம் சுடுகிற கடை. அங்கே அப்போம் என்கிறார்கள். இன்னொன்று வெங்காயம் பூண்டுகூடப் போடாத சீனர் சைவக் கடை. கடைத்தெருப் பக்கம் நம் சாப்பாட்டுக் கடைகள் இருக்கவே இருக்கின்றன, ஆனால் அதற்காகவா கடல் தாண்டி வந்தோம்?

செண்டோல் மூவருக்கும் ஒத்துப்போனது. கெங் குவீ சந்தில், 1936 முதல் நடக்கிற கடை. உடைத்த பனிக்கட்டி, தேங்காய்ப்பால், பச்சை நிற அரிசிமாவு இழைகள், சிவப்புக் காராமணி மாதிரி ஒரு பயறு, மேலே கருப்பட்டிப் பாகு. வீட்டுக்காரருக்கு இரண்டு கரண்டிதான் அளந்து கொடுத்தேன். மூன்றாவதை அவர் திருடினார்.

கடைசி நிறுத்தம் நாசி கண்டார். நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் தோளில் போடுகிற காவடித் தடி. அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் தடியின் ஒரு பக்கம் சோற்றுப் பானையும் மறுபக்கம் குழம்புப் பானையுமாகத் தூக்கிக்கொண்டு துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றார்களாம். சூலியா தெருவில் நாகூர் பெயரிலேயே ஒரு தர்கா நிற்கிறது. தஞ்சாவூர்க்காரியான எனக்கு அதைப் பார்த்ததும் தொண்டை கொஞ்சம் அடைத்தது. சீனப் பெண் ஒருத்தி எங்களுக்கு எங்கள் மக்கள் கதையைச் சொல்ல, நாங்கள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

நாசி கண்டாரில் ஒரே குழம்பைக் கேட்கக் கூடாது. கோழி, மீன் முட்டை, வெண்டைக்காய் என்று எடுத்துக்கொண்டு, எல்லாக் குழம்பிலும் ஒவ்வொரு கரண்டி கலந்து ஊற்றச் சொல்ல வேண்டும். நிறைய வேண்டும் என்றால் "பாஞ்சிர்". வெள்ளம் என்று அர்த்தம். விலையை வாங்குமுன் கேட்டுக்கொள்வது நல்லது, பெரிய இறாலும் மீன் முட்டையும் தட்டின் கணக்கைச் சட்டென்று ஏற்றிவிடும்.

பிரியுமுன் வழிகாட்டியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். நாளைக் காலையில் நீ எங்கே சாப்பிடுவாய்? விருந்தாளிகளைக் கூட்டிப்போகாத கடை எது? அவள் என் நோட்டில் ஐந்து கடைப் பெயர் எழுதி, பக்கத்தில் எந்தக் கிழமை மூடியிருக்கும் என்றும் குறித்துக் கொடுத்தாள். நான் கீழே தமிழில் உச்சரிப்பு எழுதிக்கொண்டேன். மலேசியாவில் அன்பளிப்பு கட்டாயமில்லை. நாங்கள் மனசார ஒரு தொகை கொடுத்தோம். கட்டணமில்லா நடை என்று போட்டிருந்தால் மட்டும், முடிவில் கொடுப்பதுதான் அவர்கள் கூலி என்று தெரிந்து போங்கள்.

அடுத்த மூன்று நாளும் அந்த நோட்டுதான் எங்கள் வழிகாட்டி. கடைசி இரவு கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் பக்கத்தில், பத்து மணிக்கு மேல், நாசி கண்டாருக்கு வரிசையில் நின்றோம். பேராத்தூர் என்றுதான் அந்தக் கடையையே சொல்கிறார்கள்; வரிசையில் நிற்பது என்று பொருள். முக்கால் மணி நேரம் கழித்து என் முறை வந்தது.

"கலந்து ஊத்துங்க தம்பி, பாஞ்சிர்" என்றேன்.

அவர் கரண்டியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "ஊர்லேர்ந்து எப்பம்மா வந்தீங்க?"

"நாலு நாள் ஆச்சு."

"நாலு நாள்லயா?" என்று சொல்லிவிட்டு, கேட்காமலே ஒரு துண்டு மீன் முட்டையைச் சோற்றின்மேல் வைத்தார். அதற்கும் காசு வாங்கிக்கொண்டார், அது வேறு விஷயம்.