பார்மசிஸ்ட் எம்.எல்.ஏ., எம்.பி.க்கு லெட்டர் எழுதுறது எப்படி

மெடிக்கல் ஷாப்ல நிக்கிறவங்க, ஜி.எச்.ல மருந்து குடுக்குறவங்க எல்லாருக்கும் ஒரே மனக்கொறைதான், நம்மள அட்டையக் கிழிச்சுக் குடுக்குற ஆளுன்னுதான் ஊரே நெனைக்குது. ஊர விடுங்க, சட்டம் போடுற எடத்துல இருக்கவங்களும் அப்படித்தான் நெனைச்சிட்டு இருக்காங்க, ஏன்னா நம்மாளுங்க முக்காவாசிப் பேரு அவங்களுக்கு ஒரு வரி கூட எழுதுனதில்ல. சங்கத்துல இருந்து ஒரு மனு போகும், அதுல ஒரு டஜன் கோரிக்கை இருக்கும், சால்வ போட்டு போட்டோ எடுப்பாங்க, அத்தோட சரி. தனி ஆளா, ஒரே பக்கத்துல, ஒரே ஒரு விஷயத்த எழுதி அனுப்புறதப் பத்திதான் இது. நான் கேரளா பார்டர்ல இருக்கிற செங்கோட்டை புளியரை பக்கத்த வச்சு சொல்றேன், கம்பம், களியக்காவிளை ஆளுங்க அவங்க ஊருக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க.

மொதல்ல யாருக்கு எழுதணும்னு பாருங்க, இதுலதான் நெறைய பேரு கோட்டை விடுறாங்க. 1948 பார்மசி ஆக்ட், 1940 டிரக்ஸ் அண்ட் காஸ்மெடிக்ஸ் ஆக்ட் ரெண்டும் மத்திய சட்டம், அதப் பத்தின்னா எம்.பி.க்கு எழுதுங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல மருந்தாளுநர் போஸ்ட் காலியா கெடக்கு, ஜி.எச்.ல நோயாளிய உக்கார வச்சுப் பேச ஒரு மேஜ கூட இல்ல, இந்த மாதிரின்னா ஸ்டேட் சமாச்சாரம், எம்.எல்.ஏ.க்கு. செங்கோட்டைக்கு எம்.எல்.ஏ. கடையநல்லூர் தொகுதி, எம்.பி. தென்காசி. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல ஆரியங்காவுல வேல பாக்குற நம்மாளுங்களுக்கு எம்.எல்.ஏ. புனலூர், எம்.பி. கொல்லம். உங்களுக்கு வோட்டு இருக்கிற தொகுதிக்கு எழுதுங்க, பி.ஏ. கேக்குற மொத கேள்வியே "எந்த ஊரு?"ன்னுதான் இருக்கும்.

கவர்மெண்ட் வேலைல இருக்கவங்க கொஞ்சம் உஷாரு. டிரான்ஸ்பர், புரமோஷன் மாதிரி சொந்த சர்வீஸ் விஷயத்துக்கு அரசியல்வாதிகிட்ட போகக்கூடாதுன்னு நடத்தை விதில இருக்கு. பொது விஷயம்னாலும் சங்கம் வழியா போறது நல்லது.

இப்ப முக்கியமான எடத்துக்கு வருவோம், என்ன எழுதுறது. "மருந்தாளுநர்கள் மருத்துவத்துறையின் முதுகெலும்பு"ன்னு ஆரம்பிச்சீங்கன்னா அந்த லெட்டர் அங்கயே படுத்துரும். கவுண்டர்ல நடந்தத எழுதுங்க. நம்ம பக்கத்து ஆளுங்க நெஞ்சுக்கு ஆபரேஷன்னா திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரிக்கு ஓடுவாங்க, வால்வு மாத்திட்டு வந்து ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடுவாங்க. அதே ஆளு ஒரு நாள் சாயங்காலம் வந்து முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக் ரெண்டு குடுங்கம்பாங்க, நெஞ்சு டாக்டர் எழுதுன மருந்துச் சீட்ட காட்டவே மாட்டாங்க, அது வேற இது வேறன்னு நெனப்பு. நாமதான் "வேற என்ன மாத்திர சாப்பிடுதீங்கம்மா"ன்னு வாயக் கிண்டி விஷயத்த வாங்கணும். ரெண்டையும் சேத்து சாப்பிட்டா வயித்துல ரத்தம் கசியிற ஆபத்து உண்டு, அதனால மாத்திரய குடுக்காம டாக்டருக்கு போனப் போட்டுப் பேசி வேற மருந்து கேட்டுக் குடுப்போம். இந்த வேல எந்த பில்லுலயும் ஏறாது, எம்.பி.க்கு எப்படித் தெரியும்? இத லெட்டர்ல இப்படி எழுதலாம்:

"மூட்டுவலி மாத்திரை கேட்டு வந்த ஒருவர், இதய சிகிச்சைக்காக வார்ஃபரின் சாப்பிட்டு வருவது நான் விசாரித்தபோது தெரிந்தது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து உண்டு. மருத்துவரிடம் தொலைபேசியில் பேசி, அவர் சொன்ன மாற்று மருந்தைக் கொடுத்தேன்."

அவ்வளவு போதும். பேரு, தெரு, சீட்டு போட்டோ எதுவும் வேண்டாம், சின்ன ஊரு, ஆபரேஷன் பண்ண மாசத்த சொன்னாலே யாருன்னு கண்டுபிடிச்சிருவாங்க.

அதுக்குக் கீழ ஒரு கணக்கு வையுங்க. ஒரு மாசத்துக்கு கல்லாப் பக்கத்துல ஒரு நோட்டு போட்டு, டாக்டருக்கு எத்தன தடவ போன் பண்ணுனோம், ஒரே மருந்து ரெண்டு கம்பெனி பேர்ல எத்தன சீட்டுல இருந்துச்சு, சீட்டு இல்லாம ஆன்டிபயாடிக் கேட்டு எத்தன பேர திருப்பி அனுப்புனோம்னு கோடு போட்டு வாங்க. ஷெட்யூல் எச்1 ரிஜிஸ்டர் (சில ஆன்டிபயாடிக் மாதிரி கட்டுப்பாடுள்ள மருந்த யாருக்குக் குடுத்தோம்னு எழுதுற நோட்டு) எப்படியும் 2014ல இருந்து எழுதுறோம், மூணு வருசம் வச்சிருக்கவும் செய்றோம், அதுவும் கைகுடுக்கும். வர்ற நம்பர் சின்னதா இருந்தாலும் அதையே எழுதுங்க, ஊதிப் பெருசாக்க வேண்டாம், கேட்டா நோட்ட எடுத்துக் காட்டுற மாதிரி இருக்கணும்.

பார்டர்ல இருக்கவங்களுக்கு இன்னொரு பாயிண்ட் இருக்கு. கேரளாவுல 2024ல ஆபரேஷன் அம்ரித்னு ஆரம்பிச்சு, சீட்டு இல்லாம ஆன்டிபயாடிக் விக்கிற கடைகள்ல ரெய்டு விட்டாங்க. அங்க குடுக்கலன்னு இங்க வந்து கேக்குற ஆளும் உண்டு. சட்டம் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், கெடுபிடிதான் வேற, அதுக்கு நடுவுல நின்னு வசவு வாங்குறது நாம. இத நீங்க எழுதுனா எடுபடும், சென்னைல உக்காந்து எழுதுறவருக்கு இது வாய்க்காது.

கடைசிப் பத்தில ஒரே ஒரு கோரிக்கை. இந்திய பார்மசி கவுன்சிலோட 2015 பார்மசி பிராக்டிஸ் ரெகுலேஷன்ஸ்லயே நோயாளிக்கு கவுன்சிலிங், அதாவது மருந்தப் பத்தி எடுத்துச் சொல்றது, குடுக்கணும்னு இருக்கு, அதனால புதுசா ஒண்ணும் கேக்கல, இருக்கறத நடைமுறைப்படுத்த என்ன செஞ்சீங்கன்னு அரசாங்கத்துகிட்ட கேளுங்கன்னு எழுதலாம். எம்.பி.க்குன்னா அந்தக் கேள்விய நீங்களே ரெடி பண்ணி தனித் தாள்ல இங்கிலீஷ்ல வையுங்க, லோக்சபா கேள்வி 150 வார்த்தைக்குள்ள இருக்கணும், 15 நாள் முன்னாடியே நோட்டீஸ் குடுக்கணும், அதனால கூட்டத்தொடர் ஆரம்பிக்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடி லெட்டர் கைல இருக்கணும். எம்.எல்.ஏ.க்குன்னா சட்டசபைல சுகாதாரத்துறை மானியக் கோரிக்கை (அந்தத் துறைக்கு பணம் ஒதுக்குற விவாதம்) வர்றதுக்கு முன்னாடி. எலெக்ஷன் நேரத்துல அனுப்பாதீங்க, வேஸ்ட்டு.

சம்பளம், கடை வாடகை, ஆன்லைன் மருந்து கம்பெனி மேல உள்ள கடுப்பு எல்லாத்தையும் இதுலயே கொட்டாதீங்க, அதுக்குத் தனி லெட்டர். டாக்டருங்கள திட்டவே திட்டாதீங்க, படிக்கிறவரு வீட்லயே ஒரு டாக்டர் இருக்கலாம்.

அனுப்புநர்ல பேரோட பார்மசி கவுன்சில் ரிஜிஸ்டர் நம்பரையும் போடுங்க, வெறும் கடைக்காரரு இல்லன்னு தெரியும். கேரளாப் பக்கம் இருக்கவங்க தமிழ்லயே மனு குடுக்கலாம், அரசியலமைப்புச் சட்டம் 350வது பிரிவுல அதுக்கு எடம் இருக்கு, ஆனா வேல நடக்கணும்னா மலையாளத்துல ஒரு காப்பி சேத்து வையுங்க. தபால்னா ஸ்பீட் போஸ்ட், பழைய ரிஜிஸ்டர் தபால 2025ல அதோட சேத்துட்டாங்க. முடிஞ்சா தொகுதி ஆபிஸ்ல நேர்லயே குடுத்து காப்பில சீல் வாங்கிருங்க.

மூணு வாரம் பாத்துட்டு பி.ஏ.வுக்கு ஒரு போன். கேள்வி சபைல வந்துட்டா அமைச்சர் பதில் பார்லிமெண்ட் வெப்சைட்லயே கெடைக்கும், அத பிரிண்ட் எடுத்து, அதுல எந்த வரில மழுப்பியிருக்காங்களோ அதுக்குக் கீழ கோடு போட்டு, அடுத்த லெட்டரோட பின் பண்ணி அனுப்புங்க.