ஜானிசரி இருந்தும் தோற்கிறீர்களா?

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினிப் போர் விளையாட்டில் துருக்கியரை எடுப்பவர்கள் பாதிப் பேர் அவர்களின் துப்பாக்கி வீரனான ஜானிசரிக்காகத்தான் எடுக்கிறார்கள். எதிராளி வில்லோடும் ஈட்டியோடும் நிற்கும் கேஸில் ஏஜிலேயே, அதாவது ஆட்டத்தின் மூன்றாம் காலகட்டத்திலேயே, நமக்குத் துப்பாக்கி கிடைத்துவிடுகிறது. 8 கட்டம் தள்ளி நின்று, ஒரு குண்டுக்கு 17 சேதம். அந்த மிதப்பில்தான் ஆட்டம் கெடுகிறது.

முதல் தவறு, ஜானிசரியை முன்னால் ஓட விடுவது. அவனுடைய உயிர்ப் புள்ளி வெறும் 35. துருக்கியரின் துப்பாக்கிப் படைகளுக்குக் கிடைக்கும் 25 சதவீதக் கூடுதல் உயிரைச் சேர்த்தாலும் 44-ஐத் தாண்டாது. நைட் என்ற கனத்த குதிரைவீரன் ஒருவன் நெருங்கிவிட்டால் கதை முடிந்தது. நிஜ ஜானிசரிகளும் பாய்ந்து தாக்கப் பிறந்தவர்கள் அல்லர். ஒட்டோமன் துருக்கிய சுல்தானின் சொந்தக் காலாட்படை அது. போர்க்களத்தில் அவரைச் சுற்றி நடுவில் நிற்கும், சிபாஹி குதிரைப்படை இரு பக்கமும் நிற்கும். 1444-இல் இன்றைய பல்கேரியாவிலுள்ள வார்னாவில் போலந்து, ஹங்கேரி இரண்டுக்கும் அரசனான மூன்றாம் விளாதிஸ்லாவ் தன் குதிரை வீரர்களோடு நேராக சுல்தான் இரண்டாம் முராதை நோக்கிப் பாய்ந்தான். நடுவில் நின்ற ஜானிசரிகளைத் தாண்ட முடியவில்லை, அங்கேயே மாண்டான். கேமிலும் அதே ஏற்பாடுதான் எடுபடும். துருக்கியருக்கு லைட் கேவல்ரி (இலகு குதிரைப்படை) அப்கிரேடு இலவசம். அவர்களை முன்னால் அனுப்பி எதிரியைப் பிடித்து வைக்கச் சொல்லுங்கள், பின்னால் நின்று ஜானிசரி சுடட்டும். ஒரு குண்டுக்கும் அடுத்ததற்கும் இடையே மூன்று நொடிக்கு மேல் ஆகிறது. அந்த இடைவெளியில் நாலு அடி பின்வாங்கப் பழகினால் பல உயிர் மிஞ்சும்.

அடுத்தது, நானே வருஷக்கணக்கில் செய்த முட்டாள்தனம். ஜானிசரி தூரத்தில் நின்று தாக்குகிறான், அப்படியென்றால் வில்லாளி மாதிரிதானே என்று கொல்லன் பட்டறையில் ஃபிளெட்சிங், பாட்கின் ஆரோ எல்லாம் வாங்கிக்கொண்டிருந்தேன். அம்புக்கான அப்கிரேடு எதுவும் குண்டுக்குச் சேராது. கோட்டைக்கும் கோபுரத்துக்கும் அவை உதவும் என்பது வேறு விஷயம். அம்பின் குறியைக் கூர்மையாக்கும் தம்ப் ரிங், பாலிஸ்டிக்ஸ் இரண்டும் அப்படித்தான், ஜானிசரியின் குறியைத் திருத்தாது. வில்லாளிக் கவசம் மட்டும் சேரும், அதை வாங்குங்கள். தாக்குதலைக் கூட்ட ஒரே வழி எலைட் அப்கிரேடு. 17 அப்போது 22 ஆகும்.

குறி என்றதும் சொல்ல வேண்டும்: ஜானிசரி நிறையவே தவறவிடுவான். ஓடுகிற ஒற்றைக் குதிரையைத் துரத்திச் சுடச் சொல்வது வீண். கூட்டத்தை நோக்கிச் சுட்டால் தவறிய குண்டும் பக்கத்தில் இருப்பவன் மேல் பட வாய்ப்புண்டு.

காலாட்படையை அடிக்க ஜானிசரிதான் சரி என்பதும் தப்புக் கணக்கு. காலாட்படைக்கு எதிரான கூடுதல் சேதம் சாதாரணத் துப்பாக்கி வீரனான ஹேண்ட் கேனனியருக்குத்தான் உண்டு, இவனுக்கு இல்லை. சுவரை முட்டிமோதி இடிக்கும் ராம் எந்திரத்தைச் சுட்டுக்கொண்டு நிற்காதீர்கள், குண்டு அதற்குக் கொசுக்கடி. கல் வீசும் எந்திரமான மாங்கனலைப் பார்த்தால் உடனே கலைந்து நில்லுங்கள். மொத்தமாக நிற்கும் கூட்டத்தில் ஒரு கல் விழுந்தால் எல்லோரும் குற்றுயிர், இரண்டாவது கல்லுக்கு ஆள் இருக்காது.

இதெல்லாம் சரியாகச் செய்தாலும் கணக்கில் கோட்டை விடுபவர்கள் உண்டு. ஓர் ஆளுக்கு 60 உணவு, 55 தங்கம். 40 பேர் என்றால் 2,200 தங்கம். ஆள் எடுக்கக் கோட்டை வேண்டும், ஒரு கோட்டைக்கு 650 கல். ஒரே கோட்டையை வைத்துக்கொண்டு வரிசையில் காத்திருந்தால் முன்னணியில் செத்தவனுக்குப் பதில் ஆள் வராது. துருக்கியர் தங்கத்தை 20 சதவீதம் வேகமாகத் தோண்டுகிறார்கள் என்பது நல்ல செய்தி போலத் தெரியும். சுரங்கமும் அதே வேகத்தில் காலியாகிறது. அப்புறம் அவர்களிடம் தங்கம் கேட்காத பைக்மேன் (ஈட்டிக்காரன்) கிடையாது, எலைட் ஸ்கர்மிஷரும் (எறிவேல்காரன்) கிடையாது. தங்கமில்லாத கட்டத்தில் மிஞ்சுவது ஹுசார் குதிரைவீரன் ஒன்றுதான். ஆகவே கூடுதல் தங்கச் சுரங்கத்தைப் பிடிப்பதும் சந்தை வணிகத்தைத் தொடங்குவதும் முதல் இருபது ஜானிசரி வெளியே வரும்போதே நடக்க வேண்டும், கஜானா காலியான பிறகு அல்ல.

நிஜத்திலும் ஜானிசரிகளுக்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகவில்லை. ஒவ்வொரு படைப்பிரிவின் தலைவனுக்கும் 'சூப்புக்காரன்' என்று பொருள்படும் பட்டம். கோபம் வந்தால் சமையல் கொப்பரையைக் கவிழ்த்துவிடுவார்கள், கலகம் தொடங்கிவிட்டது என்று ஊருக்கே தெரிந்துவிடும். 1826-இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் அந்தப் படையையே ஒழித்துக்கட்டினார். கேமில் அந்தத் தொல்லை மட்டும் நமக்கு இல்லை.