லினக்ஸ் மின்ட் நிறுவும்போது டிஸ்க்கையே காணோமா? முதலில் விண்டோஸுக்குள் போங்கள்

விண்டோஸ் மாதிரியே கணினியை இயக்கும் இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட். அதைப் போட இருபது நிமிடம் போதும் என்பார்கள். உண்மைதான். எனக்கு மட்டும் இரண்டு நாள் பிடித்தது. தப்பு மின்ட் மேல் இல்லை. அதைத் தொடுவதற்கு முன்னால் விண்டோஸுக்குள் முடித்திருக்க வேண்டிய வேலைகளை நான் முடிக்கவில்லை. விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே மின்டும் வேண்டும் என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எதைத் தரவிறக்குவது

மின்டில் சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று திரைத் தோற்றத்தில் வேறுபடும் மூன்று பதிப்புகள். 4 ஜிபி ரேமும் அதற்கு மேலும் இருந்தால் சின்னமன், அதற்குக் கீழே என்றால் எக்ஸ்எஃப்சிஇ. மாட்டேயை வேண்டாம் என்று சொல்ல என்னிடம் காரணமில்லை, வேண்டும் என்று சொல்லவும் இல்லை. 2024-இல் வந்த மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. அடித்தளம் உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ்தான். ஆனால் உபுண்டு ஃபயர்ஃபாக்ஸைக்கூட ஸ்னாப் என்ற தன் தனித் தொகுப்பு வடிவில்தான் தருகிறது. மின்ட் அப்படித் திணிப்பதில்லை. எனக்கு இது ஒன்றே போதும்.

தரவிறக்க வேண்டிய ஐஎஸ்ஓ கோப்பு (முழு மின்டும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) கிட்டத்தட்ட 3 ஜிபி. இறங்கியதும், கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் அதன் ஷா256 எண்ணைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுவிடுங்கள். நான் ஒருமுறை சோம்பேறித்தனமாக விட்டுவிட்டு, பாதி நிறுவலில் நின்றுபோன திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதை ஏற்ற 8 ஜிபி பென்டிரைவ் போதும். ஏற்றுவதற்கு நான் வென்டாய் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். ஒருமுறை போட்டுவிட்டால் அப்புறம் எந்த ஐஎஸ்ஓவையும் சும்மா காப்பி செய்தால் போதும். முதல்முறை செய்பவர்களுக்கு ரூஃபஸ்தான் வசதி. எதுவானாலும் பென்டிரைவில் இருப்பது அழிந்துவிடும்.

விண்டோஸ் பக்கம்

முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். அடுத்து பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. நீங்கள் போடாவிட்டாலும் பல கணினிகளில் அது தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். அப்படி இருந்தால் மின்டின் நிறுவல் நிரல் (நிறுவி) அதை அணைத்துவிட்டு வரச் சொல்லி நின்றுவிடும். அணையுங்கள், பூட்டு முழுக்க அவிழ நேரமாகும். அதற்கு முன், பூட்டைத் திறக்க உதவும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதே கணினிக்குள் சேமிப்பது, சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவது மாதிரி.

பிறகு டிஸ்க் மேனேஜ்மென்டில் சி டிரைவைச் சுருக்கி 50 ஜிபியாவது காலியாக விடுங்கள். பவர் அமைப்புகளில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அது இயங்கினால் விண்டோஸ் முழுதாக மூடாமல் பாதி உறக்கத்தில் இருக்கும். லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எழுதவே விடாது.

இனி என் இரண்டு நாளைத் தின்ற விஷயம். பென்டிரைவில் பூட் செய்தேன், மின்ட் அழகாக வந்தது, நிறுவியைத் திறந்தேன். டிஸ்க் பட்டியலில் பென்டிரைவ் மட்டும் இருந்தது! எஸ்எஸ்டியே செத்துப்போய்விட்டது என்று நினைத்தேன். திரும்ப விண்டோஸுக்குப் போனால் எல்லாம் நன்றாக ஓடுகிறது. பயாஸில் (விண்டோஸுக்கும் முன்னால் ஓடும் கணினியின் அடிப்படை அமைப்பில்) ஸ்டோரேஜ் பயன்முறை இன்டெல் ஆர்எஸ்டி என்று இருந்ததுதான் காரணம். அந்த நிலையில் எஸ்எஸ்டி லினக்ஸ் கண்ணுக்குத் தெரியவில்லை. அதை ஏஹெச்சிஐ என்ற பொதுவான பயன்முறைக்கு மாற்ற வேண்டும். நான் நேராக மாற்றினேன், விண்டோஸ் நீலத் திரையைக் காட்டிப் படுத்துவிட்டது. (பயப்பட வேண்டாம். பழையபடி மாற்றினால் எழுந்துவிடும்.)

சரியான வரிசை இதுதான்:

1. விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் (msconfig) என்று தேடித் திறந்து, பூட் பக்கத்தில் சேஃப் பூட்டை டிக் செய்யுங்கள்.
2. மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் வருவதற்குள் பயாஸுக்குள் நுழைந்து ஏஹெச்சிஐக்கு மாற்றுங்கள். கணினியைப் பொறுத்து எஃப்2 அல்லது டெலீட் விசை.
3. விண்டோஸ் சேஃப் மோடில் வரும். அந்த டிக்கை எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

சேஃப் மோடில் வரும்போதே புதிய டிரைவரை அது எடுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான்.

நிறுவுதல்

பென்டிரைவிலிருந்து பூட் செய்ததும் உடனே நிறுவாதீர்கள். வைஃபை, ஒலி, டச்பேட் எல்லாம் வேலை செய்கிறதா என்று அங்கேயே பாருங்கள். பிறகு நிறுவியைத் திறந்து, மல்டிமீடியா கோடெக் (பாட்டு, வீடியோ ஓட உதவும் மென்பொருள்) கேட்கும் இடத்தில் டிக் போட்டு, விண்டோஸோடு சேர்த்து நிறுவும் தேர்வைக் கொடுங்கள். மீதியை அதுவே கேட்டுக் கேட்டுச் செய்யும்.

முடிந்ததும் முதல் வேலை, டைம்ஷிஃப்ட் என்ற மென்பொருளை அமைப்பது. இயங்குதளத்தின் கோப்புகளை அது அப்படியே பிரதி எடுத்து வைக்கும். ஒரு அப்டேட் சொதப்பினால் பத்து நிமிடத்தில் பழைய நிலைக்கு வரலாம். உங்கள் ஆவணங்களுக்கு அது காப்பு இல்லை, அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அப்புறம் அப்டேட் மேனேஜர், டிரைவர் மேனேஜர். லிப்ரே ஆபிஸ் கூடவே வருகிறது. தமிழில் தட்டச்சு செய்ய ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சு மென்பொருளை நிறுவித் தமிழ்99 தேர்ந்தெடுங்கள். விசைப்பலகை அமைப்பிலேயே தமிழ்நெட் 99 இருக்கிறது. ஆனால் அதில் புள்ளி தானாக விழாது, பழகிய கைக்கு எரிச்சலாக இருக்கும்.

பின்சேர்க்கை 1: சேஃப் மோடில் பின் எண்ணை ஏற்கவில்லை என்று இருவர் கருத்தில் எழுதியிருந்தார்கள். ஆமாம், சில கணினிகளில் அப்படி ஆகும். கணக்கின் முழுக் கடவுச்சொல் நினைவிருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நான் இதை எழுத மறந்துவிட்டேன், மன்னிக்கவும்.

பின்சேர்க்கை 2: வைஃபை தெரியவே இல்லை என்பவர்களுக்கு, பெரும்பாலும் பிராட்காம் சிப்பாக இருக்கும். போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டால் இணையம் வந்துவிடும். பிறகு டிரைவர் மேனேஜரில் அந்த டிரைவரைத் தேர்ந்தெடுங்கள்.

பின்சேர்க்கை 3: செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளைத் தொடங்கும்போதே தடுக்கும் பயாஸ் வசதி) இயங்கும் கணினியில் கோடெக்குக்கு டிக் போட்டால், நிறுவி ஒரு கடவுச்சொல் கேட்கும். முதல் மறுதொடக்கத்தில் எம்ஓகே என்று ஒரு நீலத் திரை வரும், பத்து நொடிதான் நிற்கும். பதற்றத்தில் பலர் கன்டினியூ பூட்டை அழுத்திவிடுகிறார்கள். என்ரோல் எம்ஓகேயைத் தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லைக் கொடுங்கள்.