நாகையில் இருந்தபடி கிரிம்ஸ்பி டவுன் ரசிகராவது எப்படி?

2025 ஆகஸ்டில் கிரிம்ஸ்பி டவுன் என்ற இங்கிலாந்துக் குட்டி கால்பந்து டீமிடம் மான்செஸ்டர் யுனைடெட் தோற்ற மறுநாள் காலையிலிருந்து என் போனுக்கு ஒரே கேள்விதான் வந்துகொண்டிருக்கிறது. "அண்ணே, அது என்ன டீம்? எதுல பாக்குறீங்க?" ஏறக்குறைய ஏழு வருடமாக ஒத்தையாளாக இந்த டீமைப் பிடித்துக்கொண்டு தொங்கியபோது ஒருத்தரும் கேட்கவில்லை. சரி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, ஒரே இடத்தில் எழுதிப் போட்டுவிடுகிறேன். ஆஃப்சைடு, கார்னர், லீக் பட்டியல் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. டீமைத் தேர்ந்தெடுப்பது

ஜெயிக்கிற டீமைத் தேடாதீர்கள், அதற்குத்தான் ஊர் முழுக்க ஆள் இருக்கிறது. உங்கள் ஊர் மாதிரி இருக்கிற ஊரைத் தேடுங்கள்.

நான் தேடிக்கூடப் பிடிக்கவில்லை. அக்கரைப்பேட்டைப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப் போட்டபின் கரண்ட் இல்லாமல் கம்பெனி பல நாள் சும்மா கிடந்தது. கரண்ட் வந்தும் கம்ப்ரசர் ஓட மறுத்தது. பழைய அமோனியா கம்ப்ரசர் படம் எங்காவது கிடைக்குமா என்று போனில் துழாவியபோது ஒரு பிரம்மாண்டமான செங்கல் கட்டடம் வந்து நின்றது. கிரிம்ஸ்பி ஐஸ் ஃபேக்டரி. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஹம்பர் ஆறு கடலில் கலக்கிற இடத்தில், 1900ஐ ஒட்டிக் கட்டியது, 1990ல் மூடிவிட்டார்கள். உள்ளே கம்ப்ரசர்கள் அப்படியே துருப்பிடித்து நிற்கின்றன. ஏன் மூடினார்கள் என்று படித்துக்கொண்டே போனேன். ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய மீன்பிடித் துறைமுகம் என்று பெயர் எடுத்த ஊர். ஐஸ்லாந்து தன் கடல் எல்லையை 200 மைல் என்று அறிவித்து, சண்டையெல்லாம் போட்டு, 1976ல் ஒப்பந்தம் ஆனதோடு கிரிம்ஸ்பியின் தூரக்கடல் படகுகளுக்குப் போக இடமில்லாமல் போயிற்று. படகு இல்லாத ஊரில் ஐஸ் எதற்கு?

1976. அதே வருடம்தான் இந்தியாவும் இலங்கையும் கடலில் கோடு போட்டு, ஒருத்தர் பக்கம் மற்றவர் மீன் பிடிக்கக் கூடாது என்று எழுதிக்கொண்டன. அந்தக் கோட்டால் என்ன ஆனது என்று நாகைக்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அன்று ராத்திரியே அந்த ஊரில் கால்பந்து டீம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. 1878ல் தொடங்கியது, கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை, பட்டப்பெயர் மேரினர்ஸ், அதாவது கடலோடிகள். நாலாம் டிவிஷன். முடிந்தது கதை.

2. நேரம் (இந்த ஒரு படியை மட்டும் ரெண்டு தடவை படியுங்கள்)

என்னைக் கவிழ்த்தது இதுதான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

முதல் தடவை: சனிக்கிழமை மதியம் 3 மணி ஆட்டம் நமக்கு ராத்திரி 7.30 என்று கணக்குப் போட்டு, சீசன் முழுக்க அப்படியே டைரியில் எழுதி வைத்தேன். அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த ஆட்டத்துக்கு இயர்போனை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் வெறும் அமைதியைக் கேட்டேன். நெட்தான் போயிற்று என்று ரவுட்டரை நாலு தடவை அணைத்துப் போட்டேன்.

ரெண்டாம் தடவை இதைவிட மோசம். 8.30 என்று பழகிவிட்டேனா, மார்ச் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை முன்னால் தள்ளியதைக் கவனிக்கவில்லை. 8.30க்குப் போட்டால் வர்ணனைக்காரர் ஏற்கெனவே மூன்று கோல் வாங்கியதைப் பற்றிச் சோகமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். போன வார ஆட்டத்தைப் பேசுகிறார் என்று நினைத்து, டீ போட அடுக்களைக்குப் போய்விட்டேன்.

இப்போது எனக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு, தேதியே பார்க்க வேண்டாம். ஐப்பசி அடைமழை பிடித்தால் ஐந்தரை கூட்டு, பங்குனி வெயில் ஏறினால் நாலரை கூட்டு. அவர்கள் கடிகாரம் மாற்றுகிற இரண்டு ஞாயிறும் எந்த வருடமானாலும் இந்த இரண்டு மாதத்துக்குள்தான் விழும். ஆக 3 மணி ஆட்டம் வெயில் காலத்தில் 7.30, மழைக்கும் பனிக்கும் 8.30. மதியம் 12.30 ஆட்டம் என்றால் 5 அல்லது 6.

மூன்றாம் தடவை, வாரநாள் ஆட்டம். செவ்வாய் ராத்திரி 7.45 என்று போட்டிருக்கும். நமக்கு அது 12.15 அல்லது 1.15. நள்ளிரவு தாண்டிவிட்டதே, அப்போ புதன் என்று சரியாக எழுதினேன். புதன்கிழமை முழுக்க வேலை பார்த்துவிட்டு ராத்திரி 12.15க்கு ஆசையாக உட்கார்ந்தேன். ஆட்டம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. எங்கள் அம்மாச்சிதான் தீர்த்து வைத்தது: "விடியிற வரைக்கும் செவ்வாய்தான்டா, பஞ்சாங்கத்துல பாரு." அதிலிருந்து டைரியில் புதன் என்று எழுதுவதே இல்லை. 'செவ்வாய் ராத்திரி, தூங்காதே' என்றுதான் எழுதுகிறேன்.

போனில் உலகக் கடிகாரம் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். இருக்கிறது. அது இப்போது மணி என்ன என்று சொல்லும், மூன்று வாரம் கழித்து வருகிற ஆட்டத்துக்குச் சொல்லாது. காலெண்டர் ஆப்பில் ஆட்டத்தை ஏற்றும்போது நேர மண்டலம் லண்டன் என்று மாற்றிவிட்டு அவர்கள் நேரத்தையே எழுதினால் தானாக மாற்றிக்கொள்ளும். நல்ல வழிதான், எனக்கு டைரிதான் பிடிக்கும்.

டைரியில் ஒரு நாளை மட்டும் நான் அடித்து வைத்திருப்பேன். டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கால்பந்து என்பது அங்கே வழிவழியாக வருவது. இங்கே அன்று காலை கடற்கரைக்குப் போவோம், 2004ல் போனவர்களுக்காக. எனக்கும் போனவர்கள் உண்டு. அன்றைய ஸ்கோரை 27ஆம் தேதி பார்த்துக்கொள்வேன்.

3. கேட்பது, பார்ப்பது

டிவியில் வரும் என்று காத்திருக்காதீர்கள். கிளப்பின் சொந்த இணையதளத்துக்குப் போய், வெளிநாட்டு ரசிகர்களுக்கு எந்த ஆட்டத்துக்கு வீடியோ பாஸ், எதற்கு ஆடியோ பாஸ் என்று பாருங்கள், சீசனுக்குச் சீசன் மாறும். பிபிசி ரேடியோ ஹம்பர்சைட் என்ற உள்ளூர் வானொலி இவர்கள் ஆட்டத்தை வர்ணிக்கும், ஆனால் உரிமைச் சிக்கலால் பிரிட்டனுக்கு வெளியே இணையத்தில் பொதுவாக அது கிடைக்காது. திருட்டு லிங்க் அனுப்பாதீர்கள், அனுப்பினால் பதில் போட மாட்டேன். அந்தப் பாஸ் காசை நம்பித்தான் இந்த மாதிரிக் கிளப்புகள் ஓடுகின்றன.

என் ஓட்டு ஆடியோவுக்குத்தான். 128 கேபிபிஎஸ் ஓட்டத்தில் ரெண்டு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 115 எம்பிதான் போகும், ஐப்பசி கார்த்திகையில் கரண்ட் போய் ரவுட்டர் செத்தாலும் போன் டேட்டாவில் ஓட்டிவிடலாம். வயர் இயர்போன் வாங்குங்கள். ப்ளூடூத் சரியாக எண்பத்தெட்டாவது நிமிடத்தில் சார்ஜ் தீர்ந்து போகும், இது விதி. இன்னொன்று, ஸ்கோர் ஆப்பின் அறிவிப்பை அணைத்து வையுங்கள். ஓடுகிற ஆடியோ நிஜத்தைவிட அரை நிமிடம் ஒரு நிமிடம் பின்தங்கித்தான் வரும். வர்ணனைக்காரர் 'பந்து கோல்கீப்பர் கையில்' என்று நிதானமாகப் பேசும்போதே சட்டைப் பையில் போன் துடித்தால் மனசு என்ன பாடுபடும்!

பணம் கட்டுகிற இடத்தில் எல்லாரும் மாட்டுகிறீர்கள் என்று தெரிகிறது, அதனால் இதைப் பிறகு சேர்க்கிறேன். யுபிஐ அங்கே கிடையாது. கார்டு வேண்டும், அதுவும் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்க வேண்டும். 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புதிதாகக் கொடுக்கிற கார்டுகளில் இது மூடியேதான் வரும், நாம்தான் வங்கி ஆப்பில் போய்த் திறக்க வேண்டும். நான் ஒரு வங்கிக் கிளைக்கு நேரில் போய்க் கேட்டேன். கவுன்டரில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆன்லைன் சூதாட்டமா சார்?" என்றார். ஆப்பிலேயே செய்யுங்கள். ஆட்டம் முடிந்ததும் திரும்ப மூடிவிடுங்கள். பவுண்டை ரூபாயாக மாற்றுவதற்கு வங்கி மூன்று சதவீதத்துக்கு மேல்கூடப் பிடிக்கும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மாதச் சந்தா வேண்டாம், தானாகப் பணம் எடுக்கிற ஏற்பாடு நம் கார்டுகளில் அடிக்கடி நின்றுவிடுகிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனியாக வாங்குங்கள்.

4. காது பழகுவது

முதல் மாதம் அந்த ஊர் ஆங்கிலம் ஒரு வார்த்தை புரியாது. எனக்கும் புரியவில்லை. ஆட்டக்காரர் பெயர், சட்டை எண் இரண்டையும் ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொண்டால் போதும், எட்டு பத்து ஆட்டத்தில் பிடிபட்டுவிடும். 'டவுன்' என்று சொன்னால் நம்ம ஆள். மைதானம் பெயர் பிளண்டல் பார்க், அது கிரிம்ஸ்பியிலேயே இல்லை, ஒட்டினாற்போல இருக்கிற கிளீத்தோர்ப்ஸ் என்ற ஊரில் இருக்கிறது. நாகை டீம் நாகூரில் போய் ஆடுகிற மாதிரி. அங்கே ஹாரி ஹேடக் என்று காற்றடைத்த பிளாஸ்டிக் மீனைக் கையில் தூக்கிக்கொண்டு ரசிகர்கள் வருவார்கள். அந்தப் படத்தைக் காட்டினால் என் மனைவி, "இதுக்கு நம்ம வஞ்சிரமே தேவல" என்றாள்.

5. சட்டை

வாங்கத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். தபாலில் வரவழைத்தால் சுங்க வரி, தபால் செலவு சேர்ந்து சட்டையை விழுங்கிவிடும். எனக்கு லண்டனில் இருக்கிற சித்தப்பா மகன் பொங்கலுக்கு வரும்போது கொண்டுவந்தான். கறுப்பு வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனால் கால்பந்து தெரிந்த பையன்கள் "யுவென்டஸா அண்ணே?" என்பார்கள், அது இதே கோடு போட்ட இத்தாலி டீம். தெரியாத பெரியவர்கள் "என்னப்பா, எப்ப ரிலீஸு?" என்பார்கள். ஜெயில் சட்டைக்குக் கோடு குறுக்கே போகும், இதற்கு நெடுக்கே போகும் என்று விளக்க முயன்றதை இப்போது விட்டுவிட்டேன்.

6. தோற்பது

பழகிவிடும், வேறென்ன. 2021ல் எங்களை லீக்கை விட்டே கீழே தள்ளினார்கள். வீட்டில் யாருக்கும் தெரியாது, சொன்னாலும் துக்கம் விசாரிக்க மாட்டார்கள். ஆனால் மறு வருடமே திரும்பி வந்தோம், மேலே ஏறுவது யார் என்று தீர்மானிக்கிற பிளே ஆஃப் ஆட்டம் மூன்று, மூன்றும் கூடுதல் நேரத்தில் ஜெயித்தது. அதில் ஒன்று சினிமாக்காரர்கள் வாங்கிய ரெக்ஸம் டீமை அவர்கள் மைதானத்திலேயே 5-4. இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. சீசன் முடிவு ஆட்டங்களில் பெரும்பாலானவை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இருக்கிற மீன்பிடித் தடைக்காலத்தில் வந்து விழும். படகு கரையில், ஐஸுக்குக் கிராக்கி இல்லை, ராத்திரி கண் விழித்தாலும் காலையில் கேட்க ஆளில்லை. தடைக்கால நிவாரணம் ஐஸ் கம்பெனிக் கணக்குப்பிள்ளைக்குக் கிடையாது, எனக்கு நிவாரணம் அந்த மூன்று ஆட்டம்தான்.

யுனைடெட் ஆட்டத்தையும் சொல்லாமல் விட்டால் திட்டுவீர்கள். 2025 ஆகஸ்ட் 27, புதன் ராத்திரி, நமக்கு 12.30. லீக் கோப்பை இரண்டாம் சுற்று, பிளண்டல் பார்க்கில் கொட்டுகிற மழை. அரை மணி நேரத்திலேயே 2-0. கடைசிக் கால் மணி நேரத்தில் அவர்கள் இரண்டையும் திருப்பிவிட்டார்கள். 89வது நிமிடத்தில் இரண்டாவது கோல் விழுந்தபோது இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து கேட்டால் பெனால்டி. அடித்துக்கொண்டே இருக்கிறார்கள், முடிகிற வழியாக இல்லை. 12-11. அவர்கள் கடைசிப் பந்து மேல்கம்பத்தில் பட்டபோது மணி மூன்றை நெருங்கியிருந்தது. சத்தம் போட முடியாது, பக்கத்து அறையில் அம்மாச்சி. தலையணையைக் கடித்தேன்.

அப்புறம் தெரிந்த சேதி: அந்த ஆட்டத்தில் இறக்கிய ஒரு ஆட்டக்காரரின் பதிவை மதியம் 12 மணிக்குள் அனுப்ப வேண்டியவர்கள் 12.01க்கு அனுப்பியிருக்கிறார்கள். 20,000 பவுண்டு அபராதம், அதில் பாதி நிறுத்திவைப்பு. நல்லவேளை, வெற்றியைப் பிடுங்கவில்லை. நேரத்தில் சறுக்கியவன் நான் மட்டும் இல்லை என்று அன்றைக்குத்தான் ஒரு ஆறுதல்.

பின்சேர்க்கை: மயிலாடுதுறையிலிருந்து ஒரு தம்பி, "இதே டீமைத்தான் பிடிக்கணுமா, எங்க ஊர்ல கடலே இல்லையே" என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் தம்பி. உங்கள் ஊரில் என்ன இருக்கிறதோ, அல்லது என்ன இருந்து போயிற்றோ, அதைப் போட்டுத் தேடுங்கள். ரயில் ஜங்ஷன்தானே, க்ரூ என்று ஒரு ஊர் இருக்கிறது. ரயிலால் உண்டான ஊர், டீமின் பட்டப்பெயரே ரயில்வேமென். அவர்களும் நாலாம் டிவிஷன்தான். எங்களோடு ஆடும்போது மட்டும் எனக்குப் போன் செய்யாதீர்கள்.

இன்றைக்குச் செவ்வாய், வெளியே பனி. 1.15. அலாரம் வைக்கப் போகிறேன்.