எட்டும் ‘எய்ட்’டும் உறவா? சொல் ஒப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேர்ச்சொல் தேடப் புதிதாகக் கிளம்புகிறவர்கள் வரிசையாக ஒரே குழியில் விழுகிறார்கள். எழுத்துப்பிழை, உச்சரிப்புப் பிழையெல்லாம் நாளடைவில் தானாகச் சரியாகிவிடும். கீழே உள்ளவை ஆகாது.

இன்றைய உருவத்தை மட்டும் பார்ப்பது

தமிழும் ஆங்கிலமும் உறவு என்று காட்டப் போடும் பட்டியல் எப்போதும் ‘எட்டு – எய்ட்’ என்றே தொடங்கும். எத்தனை முறை மறுத்தாலும் ஏதோ புதுக் கண்டுபிடிப்பு போலத் திரும்பி வந்து எரிச்சலூட்டும்.

ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்கூட்டலைப் பாருங்கள். நடுவே ஜி, எச் என்று ஒலிக்காத இரண்டு எழுத்துகள் நிற்கின்றன. ஒரு காலத்தில் அவை ஒலித்தன. ஜெர்மனில் இன்றும் ‘அஹ்ட்’, லத்தீனில் ‘ஒக்டோ’. அதாவது அங்கே ககரம் போன்ற ஒரு மெய் இருந்து தேய்ந்துபோயிருக்கிறது. தமிழ்ப் பக்கம் வாருங்கள்: எண்பது, எண்ணூறு, எண்திசை. கன்னடத்தில் ‘எண்டு’, தெலுங்கில் ‘எனிமிதி’. இங்கே இருந்தது மூக்கொலி. புணரும்போது ‘எட்டு’ ‘எண்’ ஆகும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அதில் ஒட்டிக்கொண்டிருப்பது அந்தப் பழைய ணகரம்தான். உறவுச் சொற்கள் பின்னோக்கிப் போகப் போக நெருங்க வேண்டும், இவை விலகுகின்றன.

எண்ணுப் பெயர் என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. அக்கம்பக்கத்து எண்களையும் சேர்த்துப் பாருங்கள். எட்டு உறவானால் ‘ஏழு – செவன்’, ‘ஒன்பது – நைன்’ ஏன் ஒத்துவரவில்லை? ‘ஒன்று – ஒன்’ கதையும் இதுவே. ஆங்கிலத்தில் அது ‘வன்’. அந்த வகரம் பின்னால் முளைத்தது. பழைய ஆங்கிலத்தில் ‘ஆன்’.

செய்ய வேண்டியது இது: முதலில் ஒவ்வொரு சொல்லையும் அதன் சொந்தக் குடும்பத்துக்குள் வைத்து, கிடைக்கும் மிகப் பழைய வடிவத்தை எடுங்கள். பிறகு அதே ஒலிமாற்றம் வேறு சொற்களிலும் ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். வடமொழியிலிருந்து வந்த பிதா, பாதம் என்பவற்றை எடுங்கள்: ‘பிதா – ஃபாதர்’, ‘பாதம் – ஃபுட்’ இரண்டிலும் பகரத்துக்கு நேராக ஃபகரம். அது ஒழுங்கு. ஒழுங்கு இருந்தால் தோற்றம் ஒத்திருக்கவே வேண்டாம்: ‘சக்கரம்’ என்பதன் மூலமான வடமொழிச் ‘சக்ர’வும் ஆங்கில ‘வீல்’லும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை.

ஒலியும் பொருளும் ஒத்தால் போதும் என்பது

ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான ம்பபரத்தில் நாய்க்குப் பெயர் ‘டாக்’. ஆங்கிலக் கடன் அல்ல. அண்டை மொழியான யிடினில் அது ‘குடகா’, அந்த வடிவம் தேய்ந்ததே ‘டாக்’. பாரசீக ‘பத்’துக்கும் ஆங்கில ‘பேட்’டுக்கும் பொருள் ஒன்றே: கெட்ட. உறவு இல்லை.

அம்மா, அப்பா

இவற்றை உறவுக்குச் சான்றாக எடுக்கவே வேண்டாம். ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா.

ஓர் எழுத்துக்கூட்டலுக்கு ஒரே மூலம் என நினைப்பது

‘கேஷ்’ தமிழ்க் காசிலிருந்து வந்ததா? பாதி சரி. ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’, பெட்டி என்ற பொருளுள்ள இத்தாலிய ‘காஸ்ஸா’ வழி வந்தது. சிறு நாணயத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ வேறு சொல். தமிழ்க் ‘காசு’ போர்த்துகீசிய ‘கைஷா’ வழியாக ஆங்கிலத்துக்குப் போய் அப்படி ஆனது. கம்பெனி ஆட்சியில் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அந்தக் ‘கேஷ்’தான் நம்முடையது.

வடமொழிச் சொல் எங்கும் ஒரே பொருள் தரும் என்பது

தராது. தமிழில் ‘அவசரம்’ வேகம், தெலுங்கில் தேவை, இந்தியில் ‘அவசர்’ வாய்ப்பு. இந்தி ‘சிக்ஷா’ கல்வி, மராத்தியில் தண்டனை.

ஆண்டைப் பார்க்காமல் கடன் என்பது

ஜப்பானியர் நன்றி சொல்லும் ‘அரிகதோ’வைப் போர்த்துகீசிய ‘ஒப்ரிகாதோ’விலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். போர்த்துகீசியர் ஜப்பானில் கால்வைத்தது 1543இல். ஏறத்தாழ 1000ஆம் ஆண்டிலேயே ஜப்பானிய எழுத்தாளர் சேய் ஷோனகோன், அரிதாகக் கிடைப்பவை என்ற பொருளில் ‘அரிகதகி மோனோ’ என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். ‘அரி’யைப் பார்த்ததும் தமிழ் ‘அரிது’ நினைவுக்கு வருகிறதா? அங்கே ‘அரி’ என்றால் இருத்தல்; அருமையைச் சொல்வது ‘கதகி’.