படப் புத்தகத்துக்கு ஓட்டுப் போடும்போது செய்யும் தவறுகள்

குழந்தைகளுக்கான சிறந்த படப் புத்தகம் எது என்று நாலு பேர் கூடிப் பேசினால் முக்கால்வாசி நேரம் கதையைப் பற்றித்தான் பேசுவோம். நல்ல கருத்து இருக்கிறது, மொழி எளிமையாக இருக்கிறது, என் பையன் சிரித்தான், இப்படி. ஓவியர் பெயரைக்கூட யாரும் சொல்வதில்லை. பெரிய தவறு இதுதான்.

பாட் ஹட்சின்ஸின் 'ரோஸிஸ் வாக்' புத்தகத்தில் மொத்தமே ஒரே ஒரு வாக்கியம், 32 சொற்கள். ஒரு கோழி பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வருகிறது, அவ்வளவுதான் கதை. ஆனால் படத்தில் அதன் பின்னாலேயே ஒரு நரி வருகிறது, பாயப் பாய ஒவ்வொரு முறையும் எதிலாவது மாட்டி அடிபடுகிறது. அந்த நரியைப் பற்றி எழுத்தில் ஒரு வார்த்தை கிடையாது. சத்தமாக வாசித்துக் காட்டி ஓட்டுக் கேட்டால் இந்தப் புத்தகம் டெபாசிட் இழக்கும். அதனால் முதல் தடவை எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படங்களை மட்டும் புரட்டுங்கள்.

அதற்காக, அழகான படம் இருந்தாலே போதும் என்று நினைப்பதும் தப்பு. சுவரில் மாட்டலாம் போன்ற படங்கள் இருந்தும் ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் தொடர்பே இல்லாமல் போகிற புத்தகங்கள் எத்தனையோ. பக்கத்தைத் திருப்பும்போது என்ன நடக்கிறது, இரண்டு பக்கத்துக்கும் விரிந்த படத்தில் முக்கியமான முகம் நடுமடிப்பில் சிக்கி நசுங்கியிருக்கிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப்பைப் பார்த்துவிட்டு ஓட்டுப் போடாதீர்கள். சென்னை தாரா புக்ஸ் பதிப்பகத்தின் 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' கையால் செய்த கறுப்புத் தாளில், கோண்டு பழங்குடி ஓவியர்கள் வரைந்த மரங்களை ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அச்சிட்ட புத்தகம். அதை போனில் பார்ப்பது பிரியாணியைப் போட்டோவில் பார்ப்பது மாதிரிதான்.

சின்ன வயதில் படித்த புத்தகத்துக்கே ஓட்டுப் போடுவதும் உண்டு (நானும் செய்திருக்கிறேன், வெட்கமில்லை). பாசம் வேறு, தேர்வு வேறு.

அப்புறம் எண்ணும் முறை. ஆளுக்கு ஒரே ஓட்டு என்று வைத்து எங்கள் வாசிப்புக் குழு ஒருமுறை மாட்டிக்கொண்டது. ஒன்பது பேரில் மூன்று பேர் விரும்பிய புத்தகம் ஜெயித்தது, மீதி ஆறு பேருக்கு அது பிடிக்கவே இல்லை, ஆனால் அந்த ஆறு ஓட்டும் மூன்று புத்தகங்களுக்குச் சிதறிவிட்டது. அமெரிக்காவில் 1938 முதல் சிறந்த படப் புத்தகத்துக்குக் கொடுக்கிற கால்டிகாட் விருதில் (அது ஓவியருக்குத்தான் போகிறது, கவனியுங்கள்) நடுவர்கள் 15 பேர். ஒவ்வொருவரும் மூன்று புத்தகங்களை வரிசைப்படுத்துகிறார்கள், முதல் இடத்துக்கு 4 புள்ளி, அடுத்ததற்கு 3, மூன்றாவதுக்கு 2. ஜெயிக்கிற புத்தகம் குறைந்தது 8 பேருடைய முதல் தேர்வாக இருக்க வேண்டும், அடுத்து நிற்பதைவிட 8 புள்ளியாவது முந்தியிருக்கவும் வேண்டும். இல்லையென்றால் மறுபடி பேச்சு, மறுபடி ஓட்டு. நாலைந்து பேர் குழுவுக்குக்கூட இந்த 4, 3, 2 கணக்கு சரியாக வரும்.

பேச்சுக்கும் ஓட்டுக்கும் நடுவில் டீ குடிக்கப் போனால் புத்தகங்களை மேசையிலேயே விரித்து வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து இன்னொரு தடவை புரட்டியதில் எங்கள் குழுவில் இரண்டு பேர் மனசு மாறியிருக்கிறார்கள்.